மச்சினனிடம் இருந்த ஆறு தாள்கள்

மனைவி பிரிந்து போனபோது பல்செட்காரருக்கு ஆறுதல் சொல்ல நிறையப் பேர் வந்தார்கள். லேபில் கூட வேலை செய்பவர்கள் வந்தார்கள். மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா வந்தார். பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத சித்தப்பாகூட வந்து, ஒரு மணி நேரம் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். மச்சினன் போனதற்கு யாரும் வரவில்லை. அப்படி ஒன்று போயிருக்கிறது என்றே யாருக்கும் தோன்றவில்லை.

அவருக்கு வயது நாற்பத்தொன்பது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்து கொடுக்கும் லேபில் இருபத்தாறு வருஷமாக வேலை. மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர். பதினேழு வருஷம் சேர்ந்து இருந்தார்கள். குழந்தை இல்லை. சண்டை என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கட்டத்தில் இருவருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. அப்புறம் பேசாமல் இருப்பதும் அலுத்துப் போயிற்று. ஒரு நாள் காலையில் துணி மடித்துக்கொண்டே அவள், "நாம இப்படியே இருந்தாகணும்னு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். அவர், "இல்லைதான்" என்றார். கோர்ட்டில் அவர் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டதையும் அவள் அவர் சட்டைக் காலரைச் சரி செய்ததையும் பார்த்த வக்கீல், "பிரியப்போறது நீங்க ரெண்டு பேரும்தானே?" என்று ஒரு முறை உறுதி செய்துகொண்டார்.

மச்சினன் அவளுடைய தம்பி. லிஃப்ட் மெக்கானிக். கல்யாணத்தின்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்து வைத்துவிட்டு, எங்கே வைத்தோம் என்று அவனே மறந்துபோய், கடைசியில் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்து அனுப்பியவன். அன்றிலிருந்து அவருக்கு அவன் மச்சான், அவனுக்கு அவர் மச்சான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் ஏரிக்கரைக்குப் போவார்கள். கரையோரக் கடையில் டீ குடித்தபடி, பாய்மரப் படகு விடுகிற நாலைந்து பேரை வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டு மணி நேரத்தில் மொத்தம் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"நாள் பூரா மேல போ, கீழ வா, இதானே மச்சான் என் பொழப்பு?" என்றான் அவன் ஒரு தடவை. "பக்கவாட்டுல போற மாதிரி ஏதாவது ஒண்ணு பண்ணணும்."

அப்படித்தான் பதினோரு அடிப் படகின் வரைபடத்தை வரவழைத்தார்கள். புதிதாகச் செய்பவர்களும் வீட்டிலேயே செய்யலாம் என்று போட்டிருந்தது. மொத்தம் பன்னிரண்டு பெரிய தாள்கள். நீங்க பாதியைப் படிங்க, நான் பாதியைப் படிக்கிறேன், அப்புறம் உக்காந்து பேசலாம் என்று சொல்லி, மச்சினன் ஏழு முதல் பன்னிரண்டு வரை எடுத்துக்கொண்டு போனான். உட்கார்ந்து பேசுவதற்குள் விவாகரத்து வந்துவிட்டது.

அவன் அக்கா பக்கம் நின்றான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நிற்காமல் இருந்திருந்தால்தான் அவன்மேல் அவருக்கு மதிப்புக் குறைந்திருக்கும். அவளைத் தன் வீட்டுக்கே அழைத்துப்போக, அவளுடைய பெட்டிகளை எல்லாம் அவனே வண்டியில் ஏற்றினான். கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு வாசலில் வந்து நின்று, தன் ஷூவையே பார்த்தபடி "வரேன்" என்றான். அவரும் "சரி" என்றார். வெறும் வரேன். அந்தச் சொல்லோடு எப்போதும் வரும் 'மச்சான்' அன்றைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் நீண்டுபோயின. லேபில் ஒரு சிரிப்பான விஷயம் நடந்தால், அதை அவனிடம் சொல்லும் வாக்கியத்தை மனதுக்குள் தயார் செய்துவிடுவார். பிறகுதான் நினைவு வரும். மனைவியின் இடம் காலியாக இருப்பது பழகிவிட்டது. இது பழகவில்லை. யாரிடமாவது சொல்லலாம் என்றால் எப்படிச் சொல்வது? பெண்டாட்டியை விட்டுவிட்டு மச்சினனுக்காக ஏங்குகிறான் என்று சிரிப்பார்கள்.

ஒன்பது மாதம் கழித்து, மேஜை இழுப்பறையில் வேறு எதையோ தேடும்போது முதல் ஆறு தாள்கள் கையில் பட்டன. ஓரங்களில், தாள்களைப் பிரித்துக்கொள்வதற்கு முன் மச்சினன் எழுதிய பென்சில் எழுத்து. இரண்டாம் தாளில், 'மச்சான், இந்த இடத்துல கை நடுங்கக் கூடாது, நீங்கதான் அறுக்கணும்' என்று எழுதியிருந்தான். பல்செட்காரர் அதைப் படித்துவிட்டு எழுந்து போய் கார் ஷெட்டைத் திறந்தார். கார் அவளோடு போய்விட்டதால் ஷெட் காலியாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் ஆறு ப்ளைவுட் பலகைகள் வந்து இறங்கின.

கை நடுங்கியது. அரை மில்லிமீட்டர் பிசகினால் யாரோ ஒருவருடைய ஈறு புண்ணாகும் என்கிற தொழிலில் இருந்தவர், முதல் பலகையில் ஐந்து மில்லிமீட்டர் கோணலாக அறுத்தார். உட்கார்ந்து அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, இந்தப் படகு யார் வாய்க்குள்ளும் போகப்போவதில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டு அடுத்த பலகையை எடுத்தார்.

பலகைகளின் விளிம்பில் வரிசையாகத் துளை போட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைக்க வேண்டும். அதன் பிறகு மூட்டுகளில் ரெசின் பூசி ஒட்ட வேண்டும். கம்பி வேலை அவருக்கு அத்துப்படி. குறடைப் பிடித்து ஒவ்வொரு கம்பியாக முறுக்கிக்கொண்டே போனார். ஒரு சாயங்காலம், தரையில் தட்டையாகக் கிடந்த பலகைகள், கடைசிக் கம்பியை முறுக்கியதும் தாமாகவே வளைந்து எழுந்து, முன்மூக்கும் வயிறும் உள்ள ஒரு படகாக நின்றன. அவர் திரும்பி, "மச்சான், இங்க பாரு" என்றார்.

ஷெட்டின் மூலையில் துடைப்பமும் பழைய டயரும் இருந்தன. வாய்விட்டுச் சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மாடி ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்தார். மூடித்தான் இருந்தது. அன்றைக்கு மேற்கொண்டு வேலை ஓடவில்லை. குறடைத் துடைத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ரெசினில் அவருக்குத் தலைக்கனம் இருந்தது. இரண்டு திரவத்தைக் கலந்து கெட்டிப்படுத்துவதுதானே இருபத்தாறு வருஷமாக அவர் தொழில். ஆனால் லேபில் கலப்பது கரண்டிக் கணக்கு. இங்கே அவசரத்தில் ஒரு பெரிய மக் நிறையக் கலந்துவிட்டார். பாதி மூட்டுகூடப் பூசவில்லை, மக் கையைச் சுட்டது, பிறகு புகைந்தது. ஓடிப்போய் முற்றத்தில் கவிழ்த்தார். பூசிய இடமும் கட்டி தட்டி மேடாக நின்றுவிட்டது.

மாடியிலிருந்து தையல்காரம்மா எட்டிப் பார்த்தார். "என்ன சார், எதையாவது கொளுத்துறீங்களா?"

"இல்லம்மா, ஒட்டுறேன்."

"ஒட்டுறதுக்கு இவ்வளவு புகையா?" என்று கேட்டுவிட்டு அவர் ஜன்னலை மூடிக்கொண்டார்.

ஆறாம் தாள் முடிந்தது. அதன் அடியில், 'தொடர்ச்சி: தாள் 7' என்று அச்சிட்டிருந்தது. நடுப்பலகை, இருக்கை, சுக்கான், பாய்மரம், பாய் எல்லாமே மச்சினனிடம் இருந்த தாள்களில். வேறு ஒரு செட் வரவழைத்திருக்கலாம். விலாசம் அவரிடம் இருந்தது. அதைச் செய்யாமல், இரண்டு வாரம் உப்புத்தாளை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே வழவழப்பாக இருந்த பலகையைத் தேய்த்தார். பிறகு ஒரு மத்தியானம், லேபில் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்தார். 'மச்சான்' என்று தட்டினார். அழித்தார். 'நல்லா இருக்கியா' என்று தட்டினார். அதையும் அழித்தார். கடைசியில் போனது இவ்வளவுதான்: 'தாள் 7ல இருந்து 12 வரைக்கும் உன்கிட்ட இருக்கா?'

படித்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் ஷெட் வாசலில் ஆள் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், அவள். கக்கத்தில் சுருட்டிய தாள்கள்.

பழைய பழக்கத்தில் கைப்பையை மீட்டர் பெட்டியின் மேல் வைத்தாள். படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். விரலால் தொடப் போய் நிறுத்தி, "ஒட்டாதே?" என்றாள்.

"காஞ்சிடுச்சு."

தொட்டுப் பார்த்தாள். "நீங்களேவா பண்ணீங்க?"

"பாதிதான் ஆகியிருக்கு." தாள்களைப் பார்த்தார். "அவன் குடுத்தனுப்பினானா?"

"இல்ல. உங்க மெசேஜ என்கிட்ட காட்டினான். என்னக்கா பண்றதுன்னு கேட்டான். உன் இஷ்டம்னேன். எட்டு நாளா ஒண்ணும் பண்ணல. சரியா சாப்பிடவும் இல்ல. இன்னிக்கு நானே அலமாரியில இருந்து எடுத்துட்டு வந்துட்டேன்."

"அவனுக்குத் தெரியுமா?"

"நான் எடுக்கும்போது பக்கத்துலதான் உக்காந்திருந்தான். டிவியையே பாத்துக்கிட்டு இருந்தான். டிவி ஓடல."

அவருக்குச் சிரிப்பு வந்தது; அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் கேட்டாள்: "ஒண்ணு கேக்கட்டுமா? நான் போனதுல உங்களுக்கு வருத்தம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அவன் வராம போனதுல?"

அவர் கையிலிருந்த உப்புத்தாளை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். அதற்குமேல் அது மடியவில்லை.

"தெரியும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் கிளம்பிப் போறத ஜன்னல்ல நின்னு பாப்பேன். ஒரு வார்த்தை பேசிக்க மாட்டீங்க, ஆனா அப்படி ஒரு சந்தோஷமா நடந்து போவீங்க. பதினேழு வருஷத்துல ஒரு நாளாவது நீயும் வான்னு கூப்பிட்டதில்ல."

"நீ வருவேன்னு எனக்குத் தெரியல."

"எனக்கும்தான் தெரியல. கூப்பிட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவள் சொன்னது அத்தனையும் நியாயம் என்று அவருக்குத் தெரிந்தது.

"அவன் உங்கள பாக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். "போகாதன்னு நான் சொல்லல."

"போன்னு சொன்னியா?"

அவள் படகின் விளிம்பைத் தடவியபடி நின்றாள். "சொல்லல" என்றாள் கடைசியில். பிறகு கிளம்பினாள். கேட் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, மீட்டர் பெட்டியின் மேலிருந்து பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் தாள்களைப் பிரித்தார். ஏழாம் தாளில் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. லிஃப்ட் சர்வீஸ் பார்க்கிறவர்களுக்கு எதை எழுதினாலும் பக்கத்தில் தேதி போடும் பழக்கம் உண்டு. முதல் குறிப்புகளில் இரண்டு வருஷத்துக்கு முந்திய தேதி. அதற்குக் கீழே இருந்தவை போன வருஷத்தவை. ஒன்பதாம் தாளில், படகின் அடியில் கத்தி மாதிரி இறங்கும் நடுப்பலகைக்கான இடத்தை வட்டம் போட்டு, 'இந்த அளவு பத்தாது. ஈரத்துல மரம் ஊதும். மூணு மில்லி கூட விடணும்' என்று எழுதியிருந்தான். தேதி போன மாதத்தது. அவர் மெசேஜ் அனுப்புவதற்கு முந்தியது.

பல்செட்காரர் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். இங்கே அவர் அறுத்துக்கொண்டும் தைத்துக்கொண்டும் இருந்த மாதங்களில், அங்கே அவன் தாளிலேயே இதே படகைச் செய்துகொண்டு இருந்திருக்கிறான். எல்லாக் குறிப்பையும் படித்தார். தாள்களைச் சுருட்டினார். மறுபடி பிரித்துப் படித்தார்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. படகைக் கவிழ்த்துப் போட நாலு பேர் வேண்டியிருந்தது. லேபிலிருந்து இரண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து கைகொடுத்தார்கள். நடுப்பலகைக்கு மூன்று மில்லி கூடுதலாக விட்டார். பாயைத் தையல்காரம்மா தைத்தார். துணி அவர் மெஷினிலிருந்து இறங்கி, அறையைத் தாண்டி, படிக்கட்டில் பாதி வரை கிடந்தது. "இந்த அளவுக்கு உடம்பு யாருக்கு சார்?" என்று கேட்டுக்கொண்டே தைத்தார்.

எல்லாம் முடிந்ததும், 'வர்ற ஞாயிறு தண்ணியில விடறேன்' என்று மச்சினனுக்கு அனுப்பினார். 'சரி' என்று பதில் வந்தது. அந்த ஒரு சொல்லை அந்த வாரம் முழுக்க எப்படி எப்படியோ படித்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை.

படகு மிதந்தது. காற்று பின்னாலிருந்து தள்ளியபோது ஏரியின் மறுகோடிக்கு ஜம்மென்று போனது. திரும்பி வரத்தான் தெரியவில்லை. துடுப்புப் போட்டு இரண்டு மணி நேரம் வலித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, லேப் நண்பர்கள் கரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வாரம் தண்ணீரில் விழுந்தார். அதன் பிறகு போனைக் கரையில் பைக்குள் வைத்துவிட்டுப் போகக் கற்றுக்கொண்டார்.

மூன்றாம் வாரம், ஏரி நடுவில் இருக்கும்போது, மதகுப் பக்கத்துப் படிக்கட்டில் ஒருவன் நிற்பதைப் பார்த்தார். லிஃப்ட் கம்பெனியின் ஆரஞ்சு நிறச் சட்டை. பக்கத்தில் பைக், அதன் பின்னால் டூல் பெட்டி. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. முகம் தெரியாவிட்டாலும், ஒரு காலில் மட்டும் பாரத்தைப் போட்டு நிற்கிற அந்த நிற்பு போதுமாக இருந்தது.

காற்றோ அந்தப் படிக்கட்டுப் பக்கமிருந்துதான் வந்தது. காற்று வரும் திசைக்கு நேராகப் பாய்மரப் படகு போகாது. இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று குறுக்குக் குறுக்காக ஏறித்தான் போக வேண்டும். அதை அவர் அதுவரை இரண்டே தடவைதான் உருப்படியாகச் செய்திருந்தார். சுக்கானைத் திருப்பினார். பாய் படபடவென்று அடித்தது. படகு காற்றைப் பார்த்து நின்று, பிறகு மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. போய்விடுவானோ என்று நிமிர்ந்து பார்த்தார். ட்யூட்டியில் இருக்கிற ஆள், எவ்வளவு நேரம் நிற்பான்?

நின்றான். அது மட்டுமில்லை, கையைத் தூக்கி எதையோ காட்டினான். இடது பக்கம், இடது பக்கம் என்று வீசினான். பிறகு உள்ளங்கையை விரித்து நிறுத்தச் சொன்னான். லிஃப்டுக் குழியில் நின்றுகொண்டு மேலே இருப்பவனுக்குச் சைகை காட்டுவது போல. அவனும் பாய் பிடித்தவன் இல்லை. ஆனால் பாய் பிடிக்கும் முறை போட்டிருந்த பன்னிரண்டாம் தாளை இரண்டு வருஷமாகப் படித்தவன். பல்செட்காரர் பாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் கையைப் பார்த்துச் சுக்கானை நகர்த்தினார். பாய் நிறைந்தது. ஒரு குறுக்கு ஏறினார். திருப்பினார். ஏறிய தூரத்தில் பாதியை இழந்தார். மறுபடி ஏறினார். உள்ளங்கை கயிற்றில் உரிந்துபோயிற்று. ஒரு தடவை அவன் திரும்பிப் பைக்கைப் பார்த்தபோது அவர் சுக்கானைத் திருப்பக்கூட மறந்தார். அவன் பைக்கிடம் போய், ஹெல்மெட்டைக் கழற்றி அதில் மாட்டிவிட்டுத் திரும்பி வந்தான்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி இருபது அடியில் அவன் ஷூவைக் கழற்றி, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்து, படகின் மூக்கைப் பிடித்தான்.

இருவரும் மூச்சு வாங்கினார்கள், அவனும் ஏதோ சேர்ந்து ஓட்டியவன் போல.

"நடுப்பலகை இறுக்குதா?" என்றான்.

"இல்ல. மூணு மில்லி விட்டேன்."

"ம்." கையால் மூட்டுகளைத் தடவிக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் நிறுத்தினான். "இங்க மேடா இருக்கே."

"ரெசின் சூடேறிடுச்சு."

"எவ்வளவு கலந்தீங்க?"

"ஒரு மக்."

"மக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஏறு" என்றார் அவர்.

"ட்யூட்டி. இங்க பக்கத்துல ஒரு பில்டிங்ல லிஃப்ட் நின்னுபோச்சு."

"எப்போ கூப்பிட்டாங்க?"

"ஒம்பதரைக்கு."

கரைக் கடையின் கடிகாரத்தில் பதினொன்று தாண்டியிருந்தது. "அப்போ அவங்க எல்லாம்?"

"உள்ள யாரும் மாட்டல. எட்டு மாடிதான். ஏறட்டும், உடம்புக்கு நல்லது." ஆனாலும் படகை விடவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றான். தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான்: "உங்க தெரு வழியா எத்தனையோ தடவை போயிருக்கேன். உள்ள வர முடியல. அக்கா இல்லாத வீட்ட எப்படிப் பாக்கறதுன்னு தெரியல."

"வீட்டுக்கு வர வேண்டாம். இங்க வா."

"அக்காகிட்ட சொல்லிட்டு வரேன்."

"சொல்லிட்டே வா."

அவன் படகைத் திருப்பி, காற்று பிடிக்கும் பக்கமாகத் தள்ளிவிட்டான். நனைந்த காலோடு ஷூவை மாட்டிக்கொண்டு பைக்கை உதைத்தான்.

சொன்னபடி வந்தான். ஆனால் எல்லா வாரமும் இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. லீவு கிடைக்க வேண்டும், அக்காவைத் தனியே விட்டு வர மனசு வர வேண்டும். வந்தால் அவன் பாயைப் பிடிப்பான், அவர் சுக்கானைப் பிடிப்பார். முன்னே அவர்களுக்குள் இருந்த மௌனம் அப்படியே திரும்பி வந்துவிடவில்லை. இப்போது பேசாமல் இருக்கும்போது சில நேரம், எதைப் பேசாமல் இருக்கிறோம் என்பது இருவருக்கும் தெரிந்தது. இருந்தாலும் பதினொரு மணி வெயிலில் படகு சாயும்போது இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் நகர்ந்து உட்கார்வார்கள். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அது இரண்டு பேருக்கான படகு. தனியாக ஓட்டினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு தள்ளாடும். அதனால் அவன் வராத வாரங்களில் பல்செட்காரர் இருபது லிட்டர் கேன் மூன்றில் தண்ணீர் நிரப்பி, முன் இருக்கைக்கு அடியில் வைத்துக் கட்டிக்கொள்வார். ஞாயிறு காலை ஆறரைக்கே ஏரிக்கு வந்துவிடுவார். பாயை மாட்டுவார், கயிறுகளைச் சரிபார்ப்பார். காலி கேன்கள் கரையில் வரிசையாக இருக்கும். ஏழரை வரைக்கும் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்கப்புறம் முதல் கேனை எடுத்துத் தண்ணீரில் சாய்ப்பார்.